காணியும் கோணமும்: நில அளவை பயில்வோரின் கேள்விகள்

நில அளவையும் புவி அளவையியலும் படிக்க விரும்புவோர், படித்துக்கொண்டிருப்போர், அவர்களுடைய பெற்றோர் எனப் பலரும் எழுதியிருந்தார்கள். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கி, இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறாள். பொறியியலுக்குப் புள்ளி போதாவிட்டால் சேவையர் (நில அளவையாளர்) படிப்புக்குப் போகலாம் என்கிறாள். எங்கே படிக்கலாம்? முடித்ததும் சொந்தமாகத் தொழில் செய்யலாமா? (தாய், கொட்டாஞ்சேனை)

பதில்: இலங்கையில் பட்டம் பெற முக்கியமாக மூன்று இடங்கள் உள்ளன. முதலாவது, பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் புவி அளவையியல் பீடம். இதற்கு மற்றப் பல்கலைக்கழகப் படிப்புகளைப் போலவே மானியங்கள் ஆணைக்குழு வழியாக, இசட் புள்ளி அடிப்படையில் அனுமதி. தேவையான பாடச் சேர்க்கையையும் பெறுபேற்றையும் அந்தந்த ஆண்டின் அனுமதிக் கைநூலில் பாருங்கள். போன வருடக் கைநூலை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம். இரண்டாவது, தியத்தலாவையில் நில அளவைத் திணைக்களத்தின் கீழ் இயங்கும் அளவை, படமாக்கல் நிறுவகம். அரசாங்க நில அளவையாளர்கள் பரம்பரையாகப் பயின்ற இடம் அது. இன்று பட்டமும் வழங்குகிறது. மூன்றாவது, கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் சூரியவெவ வளாகம். அங்கே கட்டணம் செலுத்திச் சிவில் மாணவர்களும் படிக்கலாம். படிப்பு நான்கு ஆண்டுகள், மொழி ஆங்கிலம்.

பட்டம் கையில் வந்தவுடன் பலகை போட்டு உட்கார முடியாது. 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க அளவைச் சட்டத்தின்படி நில அளவைச் சபையில் பதிவு செய்து, வருடாந்தத் தொழில் அனுமதிப் பத்திரம் பெற்றவர்தான் பொதுமக்களின் காணியை அளந்து பிளான் வரைந்து கையொப்பமிடலாம். அந்தப் பத்திரத்தை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும்.

“பொறியியலுக்குப் போதாவிட்டால்” என்ற சொல் எங்களுக்கு உறுத்துகிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒரே இணைந்த கணிதமும் பௌதிகவியலும்தான். ஆனால் இந்தத் தொழில் கேட்கும் குணம் வேறு. ஒரே கோணத்தை நான்கு முறை பார்த்து, நான்கையும் எழுதி, அவை ஏன் ஒன்றுக்கொன்று 6 விகலை (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஒரு விகலை, குறி ″) விலகுகின்றன என்று யோசிக்கும் பொறுமை உங்கள் மகளுக்கு இருக்கிறதா? கிருள வீதியில் உள்ள திணைக்களத் தலைமையகத்தில் 1:50,000 வரைபடங்கள் வாங்கலாம். முழு நாடும் 92 தாள்களில் இருக்கிறது. கொழும்புத் தாளை வாங்கிக் கொடுத்து, வீட்டிலிருந்து பாடசாலை வரை ஆள்கூறுகளை வாசித்துத் தூரம் கணிக்கச் சொல்லுங்கள். அதில் அவளுக்கு ஆசை பிறந்தால் முதல் தெரிவாகவே இதை எழுதட்டும்.

கேள்வி: கியூ.எஸ். படிப்பும் சேவையர் படிப்பும் ஒன்றா? (மாணவன், மட்டக்குளி)

பதில்: இல்லை. பெயரில் உள்ள ‘சேவையர்’ என்ற ஒரு சொல்தான் பொது. கியூ.எஸ். (குவான்ரிற்றி சேவையர்) என்பவர் கட்டடத்துக்கு எவ்வளவு சீமெந்து, கம்பி, கூலி, பணம் என்று கணக்கிட்டு ஒப்பந்தத்தைக் கவனிப்பவர். நில அளவையாளர் நிலம் எங்கே, எவ்வளவு, எந்த உயரத்தில் என்று நிறுவுபவர். விண்ணப்பப் படிவத்தில் பாடநெறியின் பெயரை முழுமையாக வாசித்துவிட்டு இலக்கத்தை எழுதுங்கள். தவறான வகுப்பில் போய் உட்கார்ந்து ஒரு வருடத்தை இழப்பவர்கள் உண்டு.

கேள்வி: நான் கலைப் பிரிவு. ஆறு மாத டோட்டல் ஸ்டேஷன் கோர்ஸ் ஒன்றின் விளம்பரம் பார்த்தேன். அதை முடித்தால் லைசன்ஸ் எடுக்கலாமா? (வாசகர், வத்தளை)

பதில்: எடுக்க முடியாது. குறுங்காலக் கோர்ஸ் உங்களை, கோணத்தையும் தூரத்தையும் ஒன்றாக அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியை இயக்குபவராக ஆக்கும். அதுவும் நல்ல வேலைதான். கட்டடத் தளங்களில் தூண்களுக்கும் வீதி மையக்கோட்டுக்கும் குறியிட ஆட்கள் தேவை. மத்திய கிழக்கிலும் அந்த வேலைக்கு இங்கிருந்து போகிறார்கள். ஆனால் காணி எல்லைப் பிளானில் கையொப்பமிடும் உரிமை அதனால் வராது.

பணம் கட்டுமுன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்? ஐந்து பேருக்கு மேல் என்றால் பெரும்பாலான நேரம் குடை பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். உயர வித்தியாசம் அளக்கும் லெவல் கருவியும் சொல்லித்தருவார்களா? கட்டடத் தளத்தில் தினமும் தேவைப்படுவது அதுதான். கருவி தரும் ஆள்கூறை நம்பாமல் கோணத்தையும் தூரத்தையும் வைத்துக் கையால் கணிக்கப் பழக்குவார்களா? மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவான நிறுவனமா, என்.வி.கியூ. (தேசியத் தொழிற் தகைமை) எந்த மட்டம்? இவற்றில் மூன்றாவதற்கு “மெஷினே எல்லாம் செய்யும்” என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம்.

கேள்வி: பெலிஹுல்ஓயாவில் முதலாம் வருடம். ஐந்து நிலையங்கள் கொண்ட மூடிய ட்ரவேர்ஸ் (நிலையத்துக்கு நிலையம் கோணமும் தூரமும் அளந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பும் வளையம்) ஒன்று செய்தோம். சுற்றளவு 620 மீற்றர். கோணங்களின் கூட்டுத்தொகை 540°00′12″. அது பரவாயில்லை. ஆனால் ஆள்கூறு கணித்தபோது கிழக்கில் +0.18 மீற்றரும் வடக்கில் −0.11 மீற்றரும் மூடவில்லை. பவுடிச் முறையில் பங்கிட்டுச் சரிசெய்து கொடுத்தோம். விரிவுரையாளர் ஏற்கவில்லை. நான்காவது பக்கம் மட்டும் மேட்டில் ஏறுவது. நீளம் 140 மீற்றர், திசைகோள் (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எடுத்த கோணம்) சுமார் 118°. எங்கே பிழைத்தோம்? (மாணவர், தெஹிவளை)

பதில்: விரிவுரையாளர் ஏற்காததற்கு நன்றி சொல்லுங்கள். பவுடிச் முறை சிறு சிறு தற்செயல் வழுக்களைப் பக்கங்களின் நீளத்துக்கு ஏற்பப் பங்கிடுவதற்கானது. பெரிய தவறு ஒன்றை ஒளிப்பதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. உங்கள் மூடல் வழு 0.211 மீற்றர். 620ஐ அதனால் வகுத்தால் ஏறக்குறைய 2,900இல் 1. டோட்டல் ஸ்டேஷனில் கவனமாகச் செய்த மாணவர் வேலையே 10,000இல் 1ஐச் சுலபமாகத் தாண்ட வேண்டும். ஆகவே இது தற்செயல் வழு அல்ல. எங்கோ ஒரு தவறு ஒளிந்திருக்கிறது.

அதைப் பிடிக்கும் வழி இது. ஐந்து கோணங்களின் கூட்டுத்தொகை 540° வர வேண்டும். 12″ மட்டுமே மிகுதி. ஆகவே கோணங்களைச் சந்தேகிக்க வேண்டாம், தூரத்தைச் சந்தேகியுங்கள். ஒரு பக்கத்தின் தூரம் மட்டும் பிழைத்தால் மூடல் வழு அந்தப் பக்கத்தின் திசையிலேயே விழும். கிழக்கு +0.18, வடக்கு −0.11 என்பதன் திசைகோளைக் கணியுங்கள்: 121° சொச்சம். உங்கள் நான்காவது பக்கமோ 118°. திசை ஒன்றாகவே இருப்பதால் அந்தப் பக்கம் நீளமாக எழுதப்பட்டிருக்கிறது. எதிர்த் திசையில், அதாவது 301° பக்கமாக விழுந்திருந்தால், குறைவாக எழுதியிருப்பீர்கள்.

அது மட்டும் ஏன் நீண்டது? மேட்டில் ஏறும் பக்கம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிலைக்குத்துக் கோணம் 3° என்று வையுங்கள். 140 மீற்றர் சாய்வுத் தூரத்தின் கிடைத் தூரம் 139.81 மீற்றர்தான். வித்தியாசம் 19 சென்ரிமீற்றர். உங்கள் 21இல் ஏறக்குறைய முழுவதும் இதிலேயே போய்விடுகிறது. கருவித் திரையில் சாய்வு, கிடை, உயர வித்தியாசம் என்று மூன்று எண்கள் வரும். குறிப்பேட்டில் முதலாவதை எழுதிவிட்டீர்கள். தட்டையான மற்ற நான்கு பக்கங்களிலும் அதே தவறைச் செய்திருந்தாலும் அது மில்லிமீற்றர்களில் மறைந்திருக்கும். களக் குறிப்பேட்டைத் திறந்து நிலைக்குத்துக் கோணத்தைப் பாருங்கள். அதை எழுதவே இல்லையென்றால் திரும்பப் போய் அந்த ஒரு பக்கத்தை இரு முனையிலிருந்தும் அளக்க வேண்டியதுதான்.

பவுடிச் என்ன செய்தது தெரியுமா? தவறிழைத்த 140 மீற்றர் பக்கத்துக்கு 4.8 சென்ரிமீற்றரை மட்டும் கொடுத்துவிட்டு, மீதி 16 சென்ரிமீற்றரைத் தவறே செய்யாத நான்கு பக்கங்களின் தலையில் கட்டியது. தாளில் வளையம் அழகாக மூடிக்கொண்டது. நிலத்தில் தொடங்கிய முளையைத் தவிர மற்ற நான்கு முளைகளும் இடம் மாறிப்போயின.

இதோடு இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மூடிய வளையம் எல்லாத் தவறுகளையும் காட்டிக்கொடுக்காது. தூரம் அளக்க இலக்கில் வைக்கும் பிரிசத்தின் மாறிலியை (கருவியில் உள்ளிடும் திருத்தத்தை) 30 மில்லிமீற்றர் பிழையாகப் போட்டால் ஒவ்வொரு பக்கமும் 30 மில்லிமீற்றர் கூடும் அல்லது குறையும். பக்கங்கள் ஏறக்குறையச் சமமென்றால் வளையம் கச்சிதமாகவே மூடும், ஆனால் முழு உருவமும் பெருத்தோ சிறுத்தோ இருக்கும். வேறு கம்பனியின் பிரிசத்தை இரவல் வாங்கும்போது இது நடக்கிறது. அதனால்தான் ஆள்கூறு தெரிந்த ஒரு புள்ளியில் தொடங்கி, ஆள்கூறு தெரிந்த வேறொரு புள்ளியில் முடிக்கச் சொல்கிறார்கள்.

குறுகிய பக்கங்களில் கருவியை மையப்படுத்துவதில் கூடுதல் கவனம் வேண்டும். 30 மீற்றர் பக்கத்தில் முளையின் தலையிலிருந்து 2 மில்லிமீற்றர் விலகி நிறுத்தினால் கோணத்தில் 14″ வரை போய்விடும். 5″ கருவி வாங்கியும் பயனில்லை. முக்காலியின் திருகாணிகளை இறுக்கிய பிறகு, கோணம் பார்க்கத் தொடங்கு முன்னும் முடித்த பின்னும் லேசர் புள்ளி முளையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். முடித்த பின் பார்ப்பதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: முதலாம் வருடத்துக்கு என்ன லப்டொப், என்ன கல்குலேட்டர்? (மாணவி, கொழும்பு 6)

பதில்: முதல் வருடத்துக்கு விலையுயர்ந்த லப்டொப் வேண்டாம். வரைபட மென்பொருளான கியூ.ஜி.ஐ.எஸ். இலவசம், சாதாரணக் கணினியிலும் ஓடும். ட்ரோன் படங்களைக் கோக்கும் பாடம் வரும்போதுதான் 16 ஜீ.பி.க்குக் குறையாத நினைவகமும் நல்ல கிராபிக்ஸ் அட்டையும் தேவைப்படும். அதற்குள் விலையும் மாறியிருக்கும்.

கல்குலேட்டரில்தான் முதல் வருடம் ஓடும். கெசியோ எப்.எக்ஸ். 991 வகை போதும். பரீட்சை மண்டபத்துக்குள் எந்த மாதிரிக்கு அனுமதி என்பதைப் பீடத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். அதில் பொல் (ஆள்கூறு வித்தியாசங்களைத் தூரமும் கோணமுமாக்குவது), ரெக் (அதன் மறுதலை) என்ற இரண்டு வசதிகளை விரல் நுனியில் வைத்திருங்கள். பாடசாலையில் கிடையச்சை முதலில் எழுதிப் பழகியிருப்பீர்கள். அளவையில் வடக்கிலிருந்து வலஞ்சுழியாகக் கோணம் எடுப்பதால், பொல்லில் முதலில் வடக்கு வித்தியாசம், பிறகு கிழக்கு வித்தியாசம். வரும் கோணம் மறையெண் என்றால் 360 கூட்டுங்கள். அதுதான் திசைகோள். வரிசையை மாற்றிப் போட்டால், மேலே ட்ரவேர்ஸில் கண்ட 121° வர வேண்டிய இடத்தில் −31° வரும்; 360 கூட்டி 329° என்று எழுதிவிட்டு, பிழை எங்கே என்று இரவெல்லாம் தேடுவீர்கள். பாகை, கலை, விகலையைத் தசமமாக்காமல் அதற்கான விசையாலேயே உள்ளிடுங்கள். 45°30′ என்பதை 45.30 என்று அடிப்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்.

கேள்வி: வெள்ளவத்தைக் கடற்கரையில் ஜீ.என்.எஸ்.எஸ். (செய்மதி வழி இடமறியும்) கருவியைப் பரீட்சித்தோம். உயரம் −94 மீற்றர் என்று காட்டியது. கருவி பழுதா? (இரண்டாம் வருட மாணவர்கள்)

பதில்: கருவி சரியாகத்தான் இருக்கிறது. செய்மதியிலிருந்து வருவது, பூமியின் வடிவத்துக்கு ஏற்றதாகக் கணிதத்தில் வரைந்துகொண்ட நீள்வளையத்திலிருந்து உள்ள உயரம். நமக்குத் தேவை சராசரிக் கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரம். இரண்டுக்கும் இடையிலான விலகல் உலகிலேயே மிகப் பெரிதாக இருக்கும் பகுதிகளில் ஒன்று நம்முடைய கடல். புவியீர்ப்பு அங்கே குறைவாக இருப்பதால் இலங்கைக்குத் தெற்கே கடல் மட்டம் அந்த நீள்வளையத்தைவிட நூறு மீற்றருக்கும் கூடுதலாகத் தாழ்ந்திருக்கிறது. கொழும்பில் விலகல் 90க்கும் 100க்கும் இடையில். உதாரணமாக விலகல் −97 என்றால், −94இலிருந்து அதைக் கழிக்க +3 மீற்றர். கையில் பிடித்த கம்பத்தோடு கடற்கரையில் நிற்பவருக்கு அது சரியான எண்தான். கைத்தொலைபேசிகள் பெரும்பாலும் இந்தக் கழித்தலைத் தாமாகவே செய்துவிடுவதால் பலருக்கு இப்படியொரு விஷயம் இருப்பதே தெரியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கருவிக்குள் ஏற்றியிருக்கும், இந்த விலகலுக்கான உலகளாவிய மாதிரியைப் போட்டு வரும் உயரத்தை வடிகால் வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். உள்ளூரில் அந்த மாதிரி சில பத்து சென்ரிமீற்றர் விலகலாம். அதற்கு மேல் ஆர்.ரி.கே. முறையின் (ஆள்கூறு தெரிந்த நிலையத்திலிருந்து உடனுக்குடன் திருத்தம் பெறும் செய்மதி அளவை) நிலைக்குத்து வழு 2, 3 சென்ரிமீற்றர். கழிவுநீர்க் குழாய் 200இல் 1 சரிவில் போகிறதென்றால் 10 மீற்றருக்கு விழுவது 5 சென்ரிமீற்றர்தான். பத்து மீற்றர் இடைவெளியில் உள்ள இரண்டு ஆள்துளைகளில் எதிரெதிராக 3 சென்ரிமீற்றர் தவறினால் தண்ணீர் பின்னோக்கி நிற்கும். கொழும்பின் தட்டையான நிலத்தில் இதை அலட்சியம் செய்தால் மழைக்காலத்தில் தெருவே சொல்லிவிடும். உயரம் தெரிந்த குறியான பெஞ்ச் மார்க்கிலிருந்து லெவல் கருவியால் மட்டமெடுங்கள். பின்னோக்கும் முன்னோக்கும் சமதூரத்தில் இருக்கட்டும். அப்படி வைத்தால் கருவியின் கோட்டுச் சாய்வு வழு தன்னாலேயே கழிந்துவிடும். திரும்பித் தொடங்கிய இடத்துக்கே வந்து மூடுங்கள். கிலோமீற்றரில் தூரத்தின் வர்க்கமூலத்தை 12ஆல் பெருக்கினால் எத்தனை மில்லிமீற்றர் வரை மூடாமல் இருக்கலாம் என்பது கிடைக்கும். சாதாரண வேலைக்கு இது போதும்.

இன்னொன்று: மார்ச், செப்ரெம்பர் மாதங்களை ஒட்டி, சூரியன் மறைந்த பிறகு சில மணி நேரம் நமது அகலாங்கில், செய்மதி அலைகள் கடந்து வரும் அயனமண்டலம் குழம்பும். அப்போது ஆர்.ரி.கே. நிலைத்த தீர்வைத் தராமல் அலையும். கருவியைத் திட்டாமல் காலையில் போய் அளவுங்கள்.

கேள்வி: கொழும்பில் ஒரு வீதித் திட்டத்தில் வேலை பழகுகிறேன். இரண்டு புள்ளிகளுக்கு இடையே டோட்டல் ஸ்டேஷன் 800.000 மீற்றர் காட்டுகிறது. ஆள்கூறுகளிலிருந்து கணித்தால் 800.036. எது சரி? (பட்டதாரி, இராஜகிரிய)

பதில்: இரண்டும் சரி. முதலாவது தரையில் உள்ள தூரம், இரண்டாவது வரைபடக் கட்டத்தில் உள்ள தூரம். இலங்கையின் தேசிய ஆள்கூற்று முறையான எஸ்.எல்.டி. 99 கட்டத்தின் மைய நெட்டாங்கு பிதுருதலாகலை ஊடாகப் போகிறது. அங்கே அளவுக் காரணி (கட்டத் தூரம் பெறப் பெருக்கும் எண்) 0.9999238. அதாவது கிலோமீற்றருக்கு 7.6 சென்ரிமீற்றர் சுருக்கம். கொழும்பு அந்தக் கோட்டிலிருந்து மேற்கே 100 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. தள்ளிப் போகப் போகக் காரணி கூடும். இங்கே வரும்போது ஒன்றைத் தாண்டிவிடுகிறது. கிலோமீற்றருக்கு 4 முதல் 5 சென்ரிமீற்றர் நீளம். உங்கள் 800 மீற்றருக்கு 3.6 சென்ரிமீற்றர். கணக்கு ஒத்துப்போகிறது, நீங்கள் நன்றாக அளந்திருக்கிறீர்கள்.

கொழும்பில் நிலம் கடல் மட்டத்தோடு இருப்பதால் இவ்வளவோடு முடிந்தது. நுவரெலியாவுக்குப் போனால் கதை வேறு. அந்த ஊர் மைய நெட்டாங்கின் மேலேயே இருக்கிறது. உயரமோ 1,868 மீற்றர். உயரத்தால் மட்டும் கிலோமீற்றருக்கு 29 சென்ரிமீற்றர் சுருக்க வேண்டும். காரணியும் சேர, மொத்தம் கிலோமீற்றருக்கு சுமார் 37 சென்ரிமீற்றர். இதோடு காற்றழுத்தமும் குறைவு. கடல் மட்டத்துக்குரிய அமைப்பையே கருவியில் விட்டுவைத்தால் தூரம் கிலோமீற்றருக்கு இன்னும் 5, 6 சென்ரிமீற்றர் பிழைக்கும். கொழும்பிலிருந்து கருவியை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும் குழுக்கள் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் மாற்ற மறப்பது வழக்கமான தவறு.

திட்டத்தில் எந்தத் தூரத்தைப் பாவிப்பது என்று முதல் நாளே எழுத்தில் தீர்மானியுங்கள். வரைபவர் கட்டத் தூரத்திலும் தளத்தில் நிற்பவர் தரைத் தூரத்திலும் போனால் பாலத்தின் இரு கரைகளும் சந்திக்காது. பழைய வரைபடம் கையில் வந்தால் ஆள்கூறைப் பாருங்கள்: 200,000ஐ மூலமாகக் கொண்டது பழைய ஆள்கூற்று முறையான கந்தவல ஆதாரம், 500,000ஐக் கொண்டது எஸ்.எல்.டி. 99. வெறுமனே 300,000 கூட்டினால் பழையது புதியதாகிவிடாது. 1999இல் வலைப்பின்னலே மறுபடி கணிக்கப்பட்டது. முறையான மாற்றத்தைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: 1938இல் வரைந்த பிளானில் எங்கள் காணி 12.50 பேர்ச். இப்போது அளந்தவர் 12.10 என்கிறார். அந்தக் காலத்துச் சங்கிலி தேய்ந்திருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். இந்த வித்தியாசத்தை ஒரு நில அளவையாளர் எப்படி ஆராய வேண்டும்? மகன் இந்தத் துறையில் பயில்வதால் கேட்கிறேன். (ஓய்வுபெற்ற ஆசிரியர், பம்பலப்பிட்டி)

பதில்: ஐயா, சங்கிலிக் கதையை முதலில் தீர்த்துவிடுவோம். அந்தச் சங்கிலி 66 அடி, 100 கண்ணி. ஒரு கண்ணி 20 சென்ரிமீற்றர். கண்ணிகளின் வளையங்கள் தேய்ந்தால் சங்கிலி நீளும். நீண்ட சங்கிலியால் அளந்தால் நீளம் குறைவாகத்தான் பதிவாகும். அப்படியானால் பழைய பிளானில் காணி சிறுத்தும் இன்றைய அளவில் பெருத்தும் தெரிய வேண்டும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. அளவும் பொருந்தவில்லை: 3 அங்குலம் நீண்ட சங்கிலிகூட 12.5 பேர்ச்சில் 0.1 பேர்ச்சைத்தான் மாற்றும்.

0.40 பேர்ச் என்பது 10 சதுர மீற்றர். 25 மீற்றர் நீளமான ஓர் எல்லையில் மதில் 40 சென்ரிமீற்றர் உள்ளே வந்திருந்தால் சரியாக அவ்வளவுதான். ஆகவே பரப்பளவை வைத்து வாதாடாமல், எந்த எல்லை நகர்ந்தது என்று தேட வேண்டும். உங்கள் மகன் இந்த வரிசையில் பழகட்டும். உறுதியையும், அதற்கு முந்திய உறுதியையும், அவற்றில் சொல்லப்பட்ட எல்லா பிளான்களையும் எடுக்க வேண்டும். அயற்காணிகளின் பிளானும் வேண்டும். பொது எல்லையை இரண்டு பிளானும் ஒரே நீளத்தில் காட்டுகின்றனவா? பிறகு நிலத்தில் பழையதைத் தேட வேண்டும்: எல்லைக் கல், பழைய செங்கல் அத்திவாரம், கிணறு, வீதியோர வடிகால். 1938 பிளானில் இருக்கும் அசையாத பொருட்கள் குறைந்தது மூன்றையாவது இன்று கண்டுபிடித்து அளந்தால்தான் பழைய பிளானை இன்றைய அளவின் மேல் பொருத்திப் பார்க்க முடியும். இரண்டு புள்ளிகளில் எதையும் பொருத்திவிடலாம். மூன்றாவதுதான் பொய்யைக் காட்டும். தாள் சுருங்கியிருக்கும், ஆகவே நகலிலிருந்து அளவுகோலால் நீளம் எடுக்கக் கூடாது, அதில் எழுதியிருக்கும் எண்களையே பாவிக்க வேண்டும்.

சான்றுகளுக்கு மதிப்பு கொடுப்பதிலும் ஒழுங்கு உண்டு. அசல் எல்லைக் குறிக்கு முதலிடம், பிறகு உறுதியில் எழுதிய எல்லை விவரம், பிறகு நீளங்கள், பரப்பளவு கடைசி. மற்றவற்றிலிருந்து பெருக்கி வந்த எண் அது. உங்கள் வீதியில் எப்போதாவது அகலிப்பு நடந்ததா என்பதையும் கேளுங்கள். கொழும்பில் முன்பக்கம் குறைவதற்கு அது சாதாரணக் காரணம்.

மதில் நகர்ந்திருக்கிறது என்று தெரிந்தாலும், அந்தக் கீற்று யாருக்குச் சொந்தம் என்று நில அளவையாளர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பத்து வருட எதிரிடை அனுபவம் (பிறர் காணியைத் தனதென ஆண்டுவருவது) என்பது 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் விஷயம். அதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். நில அளவையாளரின் கடமை, பிளானில் உள்ள கோட்டையும் இன்றைய மதிலையும் இரண்டு வெவ்வேறு கோடுகளாக வரைந்து, இடையில் உள்ள கீற்றின் பரப்பை எழுதிக் காட்டுவது. ஒன்றை மட்டும் வரைந்து கொடுப்பவர் ஒரு பக்கத்துக்குச் சாய்ந்துவிட்டார்.

கேள்வி: ட்ரோன் வந்துவிட்டதே, இனி எல்லைக்கும் அதுதானே? (வாசகர், கிருலப்பனை)

பதில்: மண் மேடு, கல் குவாரி, பெரிய தோட்டம் என்றால் அருமையான கருவி. சாதாரண ஒரு அங்குல சென்சர் கமெரா 100 மீற்றர் உயரத்திலிருந்து படத்தின் ஒரு புள்ளிக்கு (பிக்சலுக்கு) தரையில் 2.7 சென்ரிமீற்றர் தரும். முன் பின் 80 வீதமும் பக்கவாட்டில் 70 வீதமும் படங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழ வேண்டும். தரையில் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வைத்து, கணிப்பில் சேர்க்காத தனிப் புள்ளிகளால் சோதிக்க வேண்டும்; அந்தச் சோதனை இல்லாத அறிக்கையை வாங்காதீர்கள். ஆனால் கமெரா காண்பது மாமரத்தின் தலையையும் கூரையின் விளிம்பையும்தான். கொழும்பில் எல்லைக் கல் இரண்டுக்கும் கீழே இருக்கிறது. பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதியும் வேண்டும்.

கேள்வி: வெயில், அட்டை, பற்றை. பெண்பிள்ளைகளுக்கு இது சரிவருமா? தமிழ் மூலம் படித்த எனக்கு மொழியும் பயமாக இருக்கிறது. (உயர்தர மாணவி, வெள்ளவத்தை)

பதில்: சரிவரும் தங்கச்சி. பெண்கள் படிக்கிறார்கள், அளக்கிறார்கள். முக்காலியும் கருவியும் சேர்ந்து 10 கிலோவைத் தாண்டும். முக்காலியைத் தோளில் சமநிலையாக வைக்கப் பழகினால் பாரம் தெரியாது. கணுக்காலை மூடும் பூட்ஸ், முழுக்கைச் சட்டை, இரண்டு லீற்றர் தண்ணீர். வெயில் நேரத்தில் கருவிக்கும் குடை வேண்டும், நீர்மட்டம் ஒரு பக்கம் சூடானால் நகரும். காலை 7 மணிக்குக் கோண வேலையைத் தொடங்கினால் 11 மணிக்குமேல் தரையிலிருந்து எழும் வெப்பத்தில் இலக்கு நடுங்குவதைத் தவிர்க்கலாம்.

மொழி பற்றி: விரிவுரை ஆங்கிலத்தில். தெற்கில் களத்தில் சிங்களம் பேசாமல் கிராமத்தவரிடம் பழைய எல்லையைக் கேட்டறிய முடியாது. ஆகவே பேச்சுச் சிங்களத்தை இப்போதே பழகுங்கள். உங்கள் தமிழ் சுமையல்ல. வடக்கிலும் கிழக்கிலும் பழைய உறுதிகள் தமிழில், பழைய நடையில் இருக்கின்றன. யாழ்ப்பாண உறுதியில் பேர்ச் இருக்காது. பரப்பும் குழியும் இருக்கும். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பது பொது வழக்கு. அப்படியென்றால் ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது 253 சதுர மீற்றர். ஆனால் நெற்காணிக்கும் வரகுக் காணிக்கும் பழைய அளவுகள் வேறுபட்டதுண்டு. எந்த அளவு என்று உறுதியில் எழுதியிருக்கும் அந்த ஒரு சொல்லை வாசித்த பிறகுதான் பெருக்க வேண்டும்.